செடியையும் வவ்வாலையும் ஒப்பிட்டு எழுதுறது எப்படி: ஒரு குடுவைச்செடி, ஒரு குட்டி வவ்வால்

ஒரு வெப்பமண்டலச் செடியையும் ஒரு வவ்வாலையும் ஒப்பிட்டு எழுதுன்னு சொன்னா முக்கால்வாசி பேர் முதல்ல என்ன பண்ணுவாங்கன்னா, நோட்டுல நடுவுல ஒரு கோடு போட்டு இடது பக்கம் செடி வலது பக்கம் வவ்வால்னு எழுதிட்டு வரிசையா நிரப்ப ஆரம்பிச்சிடுவாங்க. செடிக்கு வேர் இருக்கு வவ்வாலுக்கு இறக்கை இருக்கு, செடி நகராது வவ்வால் பறக்கும், செடி விதை போடும் வவ்வால் குட்டி போடும். நானும் முதல் தடவை அப்படித்தான் எழுதினேன். எழுதி முடிச்சு திரும்ப படிச்சப்போதான் ஒண்ணு தெரிஞ்சுது, அந்த பட்டியல்ல செடியோட பேரை எடுத்துட்டு வேற எந்த மரத்தோட பேரை வச்சாலும், வவ்வாலை எடுத்துட்டு ஒரு காக்காவை வச்சாலும் கிட்டத்தட்ட எல்லா வரியும் அப்படியே சரியா இருக்கும். அப்படின்னா நான் அந்த ரெண்டு இனத்தை பத்தி ஒண்ணுமே சொல்லலைன்னுதானே அர்த்தம்?

இதை ஒரு சோதனையாவே வச்சுக்கோங்க. எழுதின ஒவ்வொரு வரியிலயும் பேரை மாத்திப் பாருங்க, மாத்தினாலும் வரி நிக்குதுன்னா அந்த வரி வேண்டாம்.

அப்போ என்னதான் எழுதுறது? உயிரோட இருக்கிற எதுக்கும் சில கேள்விங்க பொது. சாப்பாடு எங்க இருந்து, எங்க இருக்கிறது, வேணுங்கிறதை எப்படி கண்டுபிடிக்கிறது, யாரை நம்பி வாழுறது. செடிக்கும் அதே கேள்விதான் வவ்வாலுக்கும் அதே கேள்விதான், பதில்தான் வேற வேற. ஒரே கேள்வியை ரெண்டு பக்கமும் கேட்டு பதிலை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கிறதுதான் ஒப்பீடு. அதுலயும் ஒண்ணோட பதில் இன்னொண்ணோட பதிலுக்குள்ள போய் முடியற இடம் ஒண்ணு கிடைச்சுதுன்னா, உங்க கட்டுரையோட உயிர் அங்கதான் இருக்கு, அந்த இடத்தை விடாதீங்க.

ஜோடியை தேர்ந்தெடுக்கிறதுலயே பாதி வேலை முடிஞ்சிடும். "குடுவைச்செடி", "வவ்வால்" அப்படின்னு பொதுவா எடுத்துக்காதீங்க, ஏன்னா நெப்பந்திஸ் அப்படிங்கிற குடுவைச்செடி பேரினத்துல மட்டுமே 150-க்கு மேல இனங்கள் இருக்கு, வவ்வால்ல 1,400-க்கு மேல, பழம் தின்னுறது பூச்சி தின்னுறது தேன் குடிக்கிறது மீன் பிடிக்கிறதுன்னு ஒவ்வொண்ணும் ஒரு விதம். ஒரே ஒரு செடி இனம், ஒரே ஒரு வவ்வால் இனம், அவ்வளவுதான். ரெண்டும் ஒரே இடத்துல வாழணும், வாழ்க்கையில எங்கயாவது ஒரு இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு படணும், அப்புறம் அந்த இடத்தை யாராவது அளந்து பாத்திருக்கணும். இந்த கடைசி விஷயத்தை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. அழகான ஜோடியா இருக்கும், ஆனா யாருமே போய் அளக்கலைன்னா நீங்க எழுதுறது எல்லாம் ஊகமாத்தான் போகும்.

நான் எடுத்துக்கிறது தென்கிழக்கு ஆசியாவுல போர்னியோ தீவுல இருக்கிற ஒரு ஜோடி. செடி பேரு நெப்பந்திஸ் ஹெம்ஸ்லியானா, வவ்வால் பேரு கெரிவூலா ஹார்ட்விக்கி. விஷயம் சுருக்கமா இதுதான்: இந்த வவ்வால் பகல்ல அந்தச் செடியோட குடுவைக்குள்ள தூங்குது, தூங்குற இடத்துலயே எச்சம் போடுது, அந்த எச்சம் குடுவைக்குள்ள விழுது, செடி அதுல இருந்து நைட்ரஜனை எடுத்துக்குது. பூச்சியைப் பிடிச்சு செரிக்கிற செடின்னு நாம பள்ளிக்கூடத்துல படிச்ச அதே குடுவைதான், இங்க ஒரு உயிருக்கு படுக்கையறையா இருக்கு. இதைப் பத்தி முதல் முதல்ல படிச்சப்போ எனக்கு ரெண்டு நாள் வேற எதுவும் ஓடல.

எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேரை சரி பாருங்க. இது சலிப்பான வேலைதான், ஆனா இதை விட்டீங்கன்னா தேடவே முடியாது. இந்தச் செடிக்கு 1908-லயே மெக்ஃபார்லேன்னு ஒரு தாவரவியலாளர் ஹெம்ஸ்லியானான்னு பேர் வச்சுட்டாரு, அப்புறம் ரொம்ப காலம் அதை தனி இனமாவே யாரும் கணக்குல எடுத்துக்கல, நெப்பந்திஸ் ராஃப்லசியானாங்கிற வேற ஒரு செடியோட நீள வகை, எலாங்காட்டான்னு சொல்லிட்டு இருந்தாங்க. 2011-ல இது தனி இனம்தான்னு சொல்லி பராமென்சிஸ்னு புதுசா ஒரு பேர் வச்சாங்க, அதுக்கப்புறம்தான் பழைய பேர் ஒண்ணு ஏற்கனவே இருக்கு அதுதான் செல்லும்னு மறுபடி ஹெம்ஸ்லியானாவுக்கே வந்தாங்க. இப்போ கவனிங்க, வவ்வால் குடுவையில தங்குறதை விளக்கி வந்த முதல் ஆய்வு 2011-ல வந்தது, அதுல செடியோட பேர் ராஃப்லசியானா எலாங்காட்டான்னுதான் இருக்கும். புதுப் பேரை மட்டும் போட்டு தேடினா அது கையில மாட்டாமலே போயிடும். அதனால ரெண்டு இனத்துக்கும் பழைய பேர் புதுப் பேர் எல்லாத்தையும் ஒரு ஓரமா எழுதி வச்சுக்கிட்டு தேடுங்க.

வவ்வாலுக்கு 1824-ல ஹார்ஸ்ஃபீல்டுன்னு ஒரு இயற்கை ஆய்வாளர் பேர் வச்சாரு. ஹார்ட்விக்கிங்கிறது தாமஸ் ஹார்ட்விக்னு ஒரு ராணுவ அதிகாரி, இயற்கை ஆர்வலர், அவரு நினைவா வச்சது. கெரிவூலாங்கிற பேரினப் பேர் சிங்களத்துல இருந்து வந்தது, அங்க வவுலான்னா வவ்வால், நம்ம காதுக்கே உடனே பிடிபடும். மெத்து மெத்துன்னு கம்பளி மாதிரி ரோமம் இருக்கிற, கிட்டத்தட்ட 4 கிராம் எடை இருக்கிற குட்டி உயிர் அது. பூச்சி தின்னுறது. இந்த கடைசி வார்த்தையை மறந்துடாதீங்க, பின்னாடி வேலை இருக்கு.

இப்போ கேள்விகளுக்கு வருவோம். முதல் கேள்வி சாப்பாடு, இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க. "குடுவைச்செடி பூச்சியை சாப்பிட்டு உயிர் வாழுது, வவ்வாலும் பூச்சியை சாப்பிட்டு உயிர் வாழுது, ஆக ரெண்டும் ஒண்ணு" அப்படின்னு ஒரு ஒற்றுமை எழுதுவாங்க, படிக்க நல்லா இருக்கும், ஆனா தப்பு. வவ்வாலுக்கு பூச்சிங்கிறது எல்லாமே, ஓடி ஆடுறதுக்கான சக்தியும் அதுதான் உடம்பைக் கட்டுற பொருளும் அதுதான். செடிக்கு அப்படி இல்ல. செடி இலையில வெயில் படுது, காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடு எடுக்குது, ஒளிச்சேர்க்கை பண்ணி தன் சக்கரையை தானே செஞ்சுக்குது. அதுக்கு குறையுறது நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான், ஏன்னா அது நிக்கிற மண்ணு அப்படி. போர்னியோவோட பீட் சதுப்புக்காடும் (பீட்னா முழுசா மக்காத செடிக்கழிவு சேர்ந்து உண்டான மண்ணு), கெராங்காஸ்னு அங்க சொல்ற வெள்ளை மணல் காடும் அமிலத்தன்மை அதிகம் உள்ள, சத்து ரொம்ப கம்மியான மண்ணு. அதனாலதான் இலை நுனியே நீண்டு குடுவையா மாறி சத்து சேகரிக்குது. அதனால ஒப்பிடும்போது "சாப்பாடு"ன்னு ஒரே வரியா போடாம சக்தி எங்க இருந்து, நைட்ரஜன் எங்க இருந்துன்னு ரெண்டா பிரிச்சு கேளுங்க. சக்தி விஷயத்துல ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. நைட்ரஜன் விஷயத்துல, செடிக்கு வேர் வழியா வர்றது போக, ரெண்டுக்கும் மூலம் பூச்சிதான், ஆனா செடிக்கு வர்ற பூச்சியில ஒரு பங்கு வவ்வால் வயித்து வழியா வருது. வவ்வால் ராத்திரி காடு முழுக்க சுத்தி பிடிச்ச பூச்சியை அரைச்சு செரிச்சு பாதி வேலையை முடிச்சு குடுவைக்குள்ள கொண்டு வந்து போடுது. 2017-ல வந்த ஒரு ஆய்வும் இதைத்தான் சொல்லுது, செடி பூச்சி பிடிக்கிற வேலையையும் செரிக்கிற வேலையையும் வவ்வால்கிட்ட ஒப்படைச்சிடுச்சுன்னு. கேள்வியைப் பிரிச்சதாலதான் இந்தப் பதில் கண்ணுல பட்டுது.

ஒரு நுட்பம் இங்க சொல்லணும். ரெண்டை ஒப்பிடும்போது மூணாவதா ஒண்ணைக் கொண்டு வாங்க. முரணா தெரியலாம், ஆனா செடியையும் வவ்வாலையும் மட்டும் வச்சுக்கிட்டா "இந்தச் செடி வவ்வாலுக்காக மாறியிருக்கு"ன்னு எதை வச்சு சொல்லுவீங்க? அதுக்கு அந்தச் செடியோட நெருங்கின சொந்தம் ஒண்ணு வேணும். ராஃப்லசியானா இருக்கே, அதேதான், ஒரு காலத்துல ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்ச அளவுக்கு நெருக்கம். அதோட வச்சுப் பாத்தா ஹெம்ஸ்லியானா பிடிக்கிற பூச்சி ஏழு மடங்கு வரைக்கும் குறைவு. குடுவை நீளமா ஒடுக்கமா இருக்கு, உள்ள திரவம் கம்மியா அடியில மட்டும் நிக்குது. பூச்சி பிடிக்கிற பொறியா மட்டும் பாத்தா இது மோசமான பொறி. ஆனா வவ்வால் தங்குற இடமா பாத்தா திரவம் கம்மியா இருக்கிறது நல்லது, மேல காலி இடம் கிடைக்குது, ஒடுக்கமா இருக்கிறதும் நல்லது, உடம்பு நடுவுல சொருகின மாதிரி நிக்கும், வழுக்கி தண்ணியில விழாது. ராஃப்லசியானாவை பக்கத்துல வைக்காம இருந்திருந்தா அந்த வடிவத்துக்கு அர்த்தமே தெரிஞ்சிருக்காது.

அடுத்து எண்கள் விஷயம். 2011 ஆய்வுல ஒரு எண் இருக்கு, இந்த ஜோடியைப் பத்தி யார் எழுதினாலும் அதைப் போடுவாங்க: இலையில இருக்கிற நைட்ரஜன்ல சராசரியா 33.8% வவ்வால் எச்சத்துல இருந்து வந்தது. இந்த மாதிரி எண் கிடைச்சதும் சந்தோஷத்துல அப்படியே தூக்கி போட்டுடாதீங்க, மூணு விஷயம் கேளுங்க. எதோட சதவீதம்? இலையில உள்ள நைட்ரஜனோட சதவீதம், செடி சாப்பிடுற மொத்த "உணவோட" சதவீதம் இல்ல, நிறைய பேர் இதை "செடியோட உணவுல மூணுல ஒரு பங்கு"ன்னு எழுதிடுறாங்க. எல்லாச் செடியிலயுமா? இல்ல, சராசரி, வவ்வால் தங்கின செடிங்கள்ல, சில செடியில கூட இருக்கும் சிலதுல கம்மியா இருக்கும். எப்படி அளந்தாங்க? இதைத் தெரிஞ்சுக்கிட்டாதான் எண் மேல நம்பிக்கை வரும். நைட்ரஜன்ல கொஞ்சம் எடை கூடின நைட்ரஜன்-15னு ஒரு வகை இருக்கு, ஒரு உயிரை இன்னொரு உயிர் தின்னு தின்னு மேல போகப் போக உடம்புல அது கூடிட்டே போகும். பூச்சியைத் தின்ன வவ்வாலோட எச்சத்துல அது பூச்சியில இருக்கிறதை விட அதிகம். அப்போ வவ்வால் வந்து தங்கின செடியோட இலையையும் தங்காத செடியோட இலையையும் எடுத்து அந்த விகிதத்தைப் பாத்தா எவ்வளவு எச்சத்துல இருந்து வந்ததுன்னு கணக்கு போட முடியும். இதை ரெண்டு வரியில உங்க கட்டுரையில எழுதிடுங்க, படிக்கிறவங்களுக்கு அந்த 33.8 வானத்துல இருந்து விழுந்த மாதிரி இருக்காது.

அந்த எண் பெருசா சின்னதான்னு தெரியணும்னா இன்னொரு எண்ணும் வேணும். அதே போர்னியோவுல மலை மேல நெப்பந்திஸ் லோவியின்னு ஒரு குடுவைச்செடி இருக்கு, அதோட குடுவை மேல மர மூஞ்சூறு வந்து உக்காந்து மூடியில ஊறுற இனிப்பை நக்கிக்கிட்டே எச்சம் போட்டுட்டு போகும், அங்க இலை நைட்ரஜன்ல 57 முதல் 100% வரைக்கும் அந்த எச்சத்துல இருந்துன்னு 2009-ல கணக்கு போட்டாங்க. இப்போ 33.8-ஐ வச்சுப் பாருங்க. நம்ம செடி முழுசா வவ்வாலை நம்பி இல்ல, மீதியை இன்னமும் பூச்சி பிடிச்சும் வேர் வழியாவும் தேடிக்குது.

ரெண்டாவது கேள்வி இருக்கிற இடம். செடிக்கு இதுல பதில் சின்னது, முளைச்ச இடத்துல இருக்கு. வவ்வாலுக்கு பதில் பெருசு, ஏன்னா 4 கிராம் உடம்புக்கு பகல் முழுக்க வெயில்ல காயாம, மழையில நனையாம, பாம்பு பறவை கண்ணுல படாம தூங்க ஒரு இடம் வேணும், அவ்வளவு சின்ன உடம்பு சீக்கிரம் சூடும் ஈரமும் இழந்துடும். குகையில கூட்டமா தொங்குற வவ்வாலுங்க மாதிரி இல்ல இது, தனியாவோ ரெண்டு மூணாவோதான் தங்கும், தாயும் குட்டியும் ஒரே குடுவைக்குள்ள இருந்ததையும் பாத்திருக்காங்க. இந்த இடத்துல அளவை ஒரே அலகுல வச்சு ஒப்பிடுங்க. செடியோட மொத்த உயரம் இத்தனை மீட்டர், வவ்வாலோட இறக்கை விரிப்பு இத்தனை சென்டிமீட்டர்னு போட்டா ரெண்டும் ஒட்டாம நிக்கும். குடுவையோட உள் அகலம் எவ்வளவு, வவ்வால் உடம்பு மடங்கின நிலையில எவ்வளவு, திரவத்துக்கு மேல காலி இடம் எவ்வளவு, இதுதான் வேணும். எங்க ரெண்டும் தொடுதோ அங்க அளவுகோலை வைங்க. மத்த அளவு எல்லாம் அறிமுகப் பத்தியில ஒரு வரி போதும்.

மூணாவது கேள்வி, எப்படி கண்டுபிடிக்கிறது. எனக்கு இந்த ஜோடியில ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். காட்டுக்குள்ள இருட்டுல, அடர்ந்த பொதருக்குள்ள, நூறு இலைக்கு நடுவுல ஒரு குடுவையை வவ்வால் எப்படி கண்டுபிடிக்கும்? அது கண்ணால தேடல, சத்தம் போட்டு எதிரொலியைக் கேக்குது. நம்ம காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், இந்த கெரிவூலா போடுற சத்தம் 250-ஐயும் தாண்டும், வவ்வாலுங்களுக்குள்ளயே இது ரொம்ப உச்சம். அவ்வளவு உச்சமான சத்தத்தால நுணுக்கமான வடிவத்தைப் பிரிச்சு அறிய முடியும், ஆனா காத்துல அது தூரம் போகாது, சீக்கிரம் அடங்கிடும். அதனால பொதருக்குள்ள கிட்ட வந்துதான் தேடணும், கிட்ட வந்தாலும் எல்லா இலையும் தாறுமாறா எதிரொலிக்கும்.

இப்போ செடி பக்கம் வாங்க. ஹெம்ஸ்லியானா குடுவையோட வாய்க்குப் பின்பக்கச் சுவர் மேல நீண்டு, உள்குழிவா, டிஷ் ஆன்டெனா மாதிரி இருக்கு. 2015-ல வந்த ஆய்வுல செயற்கையா ஒரு வவ்வால் தலை செஞ்சு, ஸ்பீக்கரும் மைக்கும் வச்சு, குடுவையை பல கோணத்துல இருந்து சத்தத்தால தட்டிப் பாத்தாங்க. ஹெம்ஸ்லியானா பலமா, நிறைய கோணத்துல திருப்பி அனுப்புச்சு, ராஃப்லசியானா அந்த அளவுக்கு அனுப்பல. அதோட நிறுத்தல, சில குடுவையில அந்த பின்சுவர் பகுதியை வெட்டி குறைச்சிட்டு பொதருக்குள்ள ஒளிச்சு வச்சு உண்மையான வவ்வாலுங்களை விட்டுப் பாத்தாங்க, வெட்டினதைக் கண்டுபிடிக்க அதுங்களுக்கு அதிக நேரம் ஆச்சு.

ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது, ஏன்னா இங்க சத்தம் போடுறது வவ்வால், அதுக்கு வடிவம் கொடுக்கிறது செடி. வவ்வாலோட அலைவரிசை ஒரு பக்கம், குடுவைச் சுவரோட குழிவு ஒரு பக்கம், ரெண்டையும் ஒரே வாக்கியத்துல வச்சு எழுதுங்க.

எழுதும்போது வினைச்சொல்லை மட்டும் கவனமா பிடிங்க. "செடி வவ்வாலை கூப்பிடுது", "செடி யோசிச்சு இப்படி ஒரு சுவர் கட்டிக்குச்சு" அப்படின்னு வந்துடும், பேச்சுல பரவால்ல, ஆனா விளக்குற இடத்துல அது தப்பான படத்தைக் கொடுக்கும். செடி சத்தமே போடல, வந்த சத்தத்தைத் திருப்பி அனுப்புது. திட்டமும் போடல, பின்சுவர் கொஞ்சம் நீளமா இருந்த செடிங்களுக்கு வவ்வால் அதிகம் வந்துது, எச்சம் அதிகம் கிடைச்சுது, அதுங்க விதை அதிகம் விட்டுச்சு, தலைமுறை தலைமுறையா அந்த வடிவம் நிலைச்சுது. வவ்வாலும் செடிக்கு உதவணும்னு வரல, தூங்க வருது. "நட்பு"ன்னு எழுதாதீங்க, ரெண்டு பக்கமும் லாபம் இருக்குன்னு எழுதுங்க.

நாலாவது கேள்வி, யாருக்கு யார் அதிகம் வேணும். எல்லாரும் "ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நம்பி வாழுது"ன்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. அப்படி இல்ல, தராசு ஒரு பக்கம் சாயுது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு, ரெண்டு இனமும் உலகத்துல எங்க எங்க இருக்குன்னு வரைபடத்துல வச்சுப் பாருங்க. ஹெம்ஸ்லியானா போர்னியோவுல மட்டும்தான். கெரிவூலா ஹார்ட்விக்கின்னு சொல்ற வவ்வாலோ தென்கிழக்கு ஆசியா முழுக்க பரவி இருக்கு, ஹெம்ஸ்லியானா ஒண்ணுகூட இல்லாத எத்தனையோ இடத்துல அது நிம்மதியா வாழுது. சுருண்ட இளம் இலைக்குள்ள தங்கும், போர்னியோவுலயே நெப்பந்திஸ் பைகால்கரேட்டாங்கிற வேற குடுவைச்செடியோட பழுதாகி திரவம் வடிஞ்சு போன குடுவையிலயும் தங்கும். அப்போ வவ்வாலுக்கு இந்தக் குடுவை நல்ல வீடு, ஆனா ஒரே வீடு இல்ல. செடிக்கோ பூச்சி பிடிக்கிற திறமை குறைஞ்சு போச்சு, வவ்வால் வரலைன்னா ஈடு கட்ட வேற விருந்தாளி கிடையாது. வரைபடம் ரெண்டையும் மேல மேல வச்சுப் பாக்க பத்து நிமிஷம்தான் ஆகும், ஆனா கட்டுரையோட முடிவே இதுலதான் மாறும்.

இதுல இருந்து ஒரு விளைவும் தெரியும். போர்னியோவுல பீட் சதுப்புக்காட்டை வடிகால் வெட்டி உலர்த்தி எண்ணெய்ப்பனை தோட்டமாக்குறாங்க, உலர்ந்த பீட் தீப்பிடிச்சா மண்ணுக்குள்ளயே எரியும், 2015-ல இந்தோனேசியா பக்கத்து போர்னியோவுல எவ்வளவு பெரிய தீன்னு உலகமே பாத்துது. காடு போனா செடிக்கு நகர வழியே இல்ல. வவ்வாலுக்கு வேற இடம் இருக்கலாம். ரெண்டுக்கும் ஆபத்து ஒண்ணுதான், ஆனா இழப்பு ஒண்ணு இல்ல. உங்க ஜோடி எதுவா இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்க: ஒண்ணு நாளைக்கே காணாம போனா மத்தது என்ன ஆகும், திருப்பிப் போட்டாலும் அதே பதில்தானா?

இனப்பெருக்கம், ஆயுள், வகைப்பாடு இதெல்லாம் ஒரு பத்தியில தள்ளிடுங்க. நெப்பந்திஸ்ல பனை மாதிரி ஆண் செடி தனி பெண் செடி தனி, விதை நூல் மாதிரி லேசா காத்துல போகும். வவ்வால் பாலூட்டி, பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரு குட்டி. அவ்வளவு போதும். ஆனா இங்க ஒரு பெரிய தப்பு ஒளிஞ்சிருக்கு. வெப்பமண்டலச் செடியும் வவ்வாலும்னு சொன்னதும் கை தானா "வவ்வால் மகரந்தச்சேர்க்கை பண்ணுது"ன்னு எழுதிடும், ஏன்னா நாம படிச்ச உதாரணம் எல்லாம் அப்படி. இந்த ஜோடியில வவ்வால் பூவையே சீண்டுறதில்ல. பூச்சி தின்னுறதுன்னு மறக்காதீங்கன்னு மேல சொன்னேன் இல்லையா, அதுக்குத்தான். அதே மாதிரி படமும், பெரிய பழந்தின்னி வவ்வால் படத்தைப் போட்டுட்டு கீழ கெரிவூலான்னு எழுதினா படிக்கிறவங்க மனசுல ஒரு கிலோ எடை வவ்வால் குடுவைக்குள்ள நுழையுற மாதிரி பதிஞ்சிடும்.

எழுதுற வரிசை எப்படி? நான் பண்றது இது: ரெண்டும் தொடுற காட்சியில ஆரம்பிப்பேன், அப்புறம் பேரும் இடமும், அப்புறம் கேள்வி கேள்வியா, ஒவ்வொரு கேள்விக்குள்ளயும் செடி, வவ்வால், ரெண்டும் சேருற இடம். முதல் பாதி முழுக்க செடி, ரெண்டாம் பாதி முழுக்க வவ்வால்னு பிரிச்சு எழுதினா ஒப்பிடுற வேலையை படிக்கிறவங்க தலையில கட்டுறோம், அது சரியில்ல. ஒரு பத்தி மாதிரிக்கு எழுதிக் காட்டுறேன்:

"ஹெம்ஸ்லியானா நிக்கிற மண்ணுல நைட்ரஜன் கம்மி. ராத்திரி பூச்சி பிடிச்ச கெரிவூலாவுக்கு பகல்ல தூங்க இடம் வேணும். செடிக்கு குடுவை இருக்கு, வவ்வால்கிட்ட நைட்ரஜன் இருக்கு. குடுவையில திரவம் குறைவா இருக்கிறதால பூச்சி கம்மியா மாட்டுது, அதே காரணத்தால வவ்வால் நனையாம தூங்குது. விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் விழுற எச்சம், இலை நைட்ரஜன்ல சராசரியா மூணுல ஒரு பங்கா மாறுது."

இதுல எந்த வரியிலயாவது பேரை மாத்திப் பாருங்க, நிக்காது.

அட்டவணை வேணும்னா கடைசியில போடுங்க, தப்பில்ல, ஆனா வரிசைத் தலைப்புல "நிறம்", "உயரம்" இதெல்லாம் வேண்டாம். சக்தி எங்க இருந்து, நைட்ரஜன் எங்க இருந்து, பகல்ல என்ன நடக்குது, ராத்திரி என்ன நடக்குது, எதிரொலியில பங்கு என்ன, உலகத்துல எங்க எங்க இருக்கு, மத்தது இல்லைன்னா என்ன ஆகும். ஏழு வரி. அதுக்கு மேல போனா பழைய நோட்டுக் கோடுக்கே திரும்பிடுவோம்.

முறை பிடிபட்டுச்சான்னு பாக்க வேற ஜோடியில கை வச்சுப் பாருங்க. ஈக்வடார் மேகக்காட்டுல சென்ட்ரோபோகான் நைக்ரிகன்ஸ்னு ஒரு செடி, அதோட பூக்குழல் 8 முதல் 9 சென்டிமீட்டர் நீளம். அங்கேயே அனோரா ஃபிஸ்டுலாட்டான்னு ஒரு வவ்வால், 2005-லதான் அதுக்குப் பேரே வச்சாங்க, நாக்கை நீட்டினா 8.5 சென்டிமீட்டர் வரைக்கும் போகும், தன் உடம்பை விட ஒன்றரை மடங்கு நீளம், அதை உள்ள இழுத்து விலா எலும்புக்கூட்டுக்குள்ள வச்சுக்குது. அந்தப் பூவுக்கு மகரந்தம் கொண்டு போறது அந்த வவ்வால்தான். இங்க நைட்ரஜன் கேள்வியைக் கேட்டா ஒண்ணும் கிடைக்காது, வரைபடக் கேள்வியும் அப்புறம்தான். முதல்ல பூக்குழல் நீளத்தையும் நாக்கு நீளத்தையும் ஒரே அளவுகோல்ல பக்கத்துல பக்கத்துல வைங்க, கட்டுரையை அங்க இருந்து ஆரம்பிங்க.